பாலத்தடியில் பிறந்த பதினேழு பேர்

நான் பேட்டி கண்ட இருபத்திரண்டு பெண்களும் ஒரே குரலில் பேசினார்கள். அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் கெளம்பினோம் சிஸ்டர். வழியிலயே வலி முத்திடுச்சு. பாலத்துக்கிட்ட புள்ள பொறந்துடுச்சு." எந்த ஒலிப்பதிவைத் திறந்தாலும் ஏறக்குறைய இதுதான். ஆறாவது பேட்டிக்குப் பிறகு புதிதாக ஒன்றுமே வரவில்லை. பாடநூல்கள் இதை 'நிறைவு' என்கின்றன. இனி எத்தனை பேரைக் கேட்டாலும் வேறு எதுவும் கிடைக்காது, கடையைக் கட்டலாம் என்கிற நிலை. நாற்பது பேட்டி எடுத்தும் அந்த இடத்துக்குப் போய்ச் சேராமல் அல்லாடுகிறவர்கள் உண்டு. எனக்கு ஆறிலேயே வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்தவளுக்குப் பெண்கள் மனம் திறக்காமல் வேறு யாருக்குத் திறப்பார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, ஐந்து பேர் கொண்ட குழுவின் முன்னால் என் பகுப்பாய்வு அத்தியாயத்தை வைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாகிவிட்டது. இந்த முறையும் கோட்டைவிட்டால் முனைவர் பட்டப் பதிவு ரத்து. நாலு வருடம் தண்ணீரில் போனது போல. நாற்பத்துநாலு வயதில் மறுபடியும் பிரசவ வார்டு, இரவு முறை, "என்ன டாக்டர், திரும்பி வந்துட்டீங்களா?" என்று கேட்கும் சின்னப் பெண்கள்.

என் வழிகாட்டி டாக்டர் மத்தாயா, என்னைவிட எட்டு வயது சின்னவரான ஒரு பெண்மணி. எப்போதும் அவசரம், எப்போதும் கையில் காரின் சாவி. மற்றவர்களைப் போல அவரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். போன மாதம் என் முதல் வரைவை மேசையில் போட்டு விரலால் தட்டினார்.

"தூரம், வாகனம், மழை. இது என்ன சிஸ்டர், சந்தைக்குப் போற லிஸ்டா? இதுக்கா இருபத்திரண்டு பேர்?"

"அவங்க சொன்னது அதுதான் டாக்டர்."

"வேற எதுவுமே சொல்லலையா?"

"இல்லையே."

"ஒருத்தர் கூடவா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டார். "வரிக்கு வரி போங்க. ஒவ்வொரு வரியிலயும் அந்தப் பொம்பள என்ன செய்றான்னு பாருங்க. என்ன சொல்றான்னு மட்டும் இல்ல. அதுக்கு ஒரு பேர் வைங்க. அப்புறம் ஒண்ணோட ஒண்ணை வச்சுப் பாருங்க."

சொல்வதற்கு எளிது. வெப்பம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் என்று எதையும் எண்ணாக எழுதிப் பழகியவள் நான். எண் என்றால் சரி, இல்லையென்றால் தவறு. ஒரு பெண் பேசிய வரிக்கு நானே பெயர் வைப்பது என்றால், வைத்த பெயர் சரிதானா என்று யார் சொல்வார்கள்? யாரும் சொல்லமாட்டார்கள் என்பதுதான் இந்தப் படிப்பின் பயங்கரம். ஒரு வரிக்குக் காலையில் 'விதியை ஏற்றுக்கொள்ளுதல்' என்று எழுதுவேன். மாலையில் அது 'பொறுப்பைத் தட்டிக்கழித்தல்' போலத் தெரியும். அடித்துவிட்டு எழுதுவேன்.

என் அறையில் கூட இருப்பவன் லுசுங்கு. சமூகவியல், எங்கள் நாட்டின் வடக்குப் பகுதிப் பையன், என்னை அக்கா என்பான். அவன் எல்லாவற்றையும் கணினியிலேயே செய்வான். நான் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, சோளமாவுப் பசை காய்ச்சி, சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கரப்பான் பூச்சிக்கு நல்ல விருந்து வைக்கிறீங்க. போன வாரம் உங்க பதினாலாவது ஆளை முழுசா தின்னுடுச்சு."

"பேசாம வேலையப் பாருடா."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். சுவர் முழுக்க ஒரே சீட்டா இருக்கு. எல்லாம் பாலம், பாலம், பாலம்."

அவன் கிண்டலுக்குச் சொன்னான். நான் திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே ஒரு பக்கச் சுவர் முழுவதும் பாலம். 'தூரம்' என்ற தலைப்புக்குக் கீழே அவற்றைச் சும்மா ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன், எண்ணவே இல்லை. எண்ணினேன். எண்ணுவதில்தான் எனக்குத் தைரியம். இருபத்திரண்டில் பதினேழு.

நாற்பது வீடுகள் கொண்ட நம்பிலா என்ற ஊரில், இரண்டு வருடத்தில், பதினேழு குழந்தைகள் ஒரே பாலத்தடியில் பிறந்திருக்கின்றன. ஒன்று அந்தப் பாலத்துக்கு ஏதோ சக்தி இருக்க வேண்டும், இல்லையென்றால் எனக்கு மூளை இல்லாமல் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் பக்கத்தில் பிறந்த தேதியை எழுதினேன். தேதியில் பொய் இருக்க வழியில்லை. குழந்தையின் மருத்துவப் புத்தகத்தைப் பார்த்து நானே குறித்தது. ஏழாவது பெண்ணின் குழந்தை, ஜனவரி பத்தொன்பது. அவளை இங்கே மலித்தா என்று வைத்துக்கொள்வோம். பிறகு என் களக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அதே வருடம் ஜனவரி பதினொன்று: 'ஊர்த்தலைவர் போன் செய்தார். வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மார்ச்சுக்கு முன்னால் வரவேண்டாம் என்கிறார்.'

இல்லாத பாலத்தடியில் மலித்தா பிள்ளை பெற்றிருக்கிறாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பொய்யா?" என்றான் லுசுங்கு. கிண்டல் போய்விட்டது. "எல்லாருமா?"

காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டில் பிள்ளை பெற்றால் தலைவருக்கு ஓர் ஆடு அபராதம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பிறந்துவிட்டால் குற்றமில்லை. விதி எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்க்கூட்டத்தில் அந்த விதியை அறிவித்தபோது வெள்ளைச் சீருடையில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவர்கள் ஆஸ்பத்திரி என்று சொல்லும் அந்தச் சுகாதார மையத்தில் அப்போது எனக்குப் பதினாலு மாத வேலை. இவ்வளவும் தெரிந்தவள், பேட்டி எடுக்கப் போனபோது தலைவரின் ஆள் கூட்டிப்போக, தலைவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, 'எங்கே பெற்றீர்கள்?' என்று கேட்டிருக்கிறேன். வேறு என்ன பதில் வரும்?

"ஒரு வழி இருக்கு அக்கா," என்றான் லுசுங்கு மெதுவாக. "அந்த ஏழாவது ஆளை மட்டும் தூக்கிடுங்க. இருபத்தொரு பேர்னு எழுதுங்க. குழுவில யாருக்கு அந்தப் பாலம் எப்ப போச்சுன்னு தெரியும்?"

யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. டாக்டர் மத்தாயாவிடம் ஓடினேன். அவர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"வீட்டுலயே பெத்திருக்காங்க. சரி. ஏன்?"

"அதைத்தான் டாக்டர் இன்னும்..."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. இதை வச்சுட்டு குழு முன்னாடி நின்னீங்கன்னா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. உங்களைச் சேத்தது நான். எனக்கும் பதில் சொல்லணும்." கார் கதவைத் திறந்தவர் ஒரு நொடி நின்றார். "போய்க் கேக்கறதுன்னா கேளுங்க. நான் போகச் சொன்னேன்னு சொல்லாதீங்க."

செவ்வாய்க்கிழமை போனேன். மினிபஸ், அதற்குப் பிறகு சைக்கிளின் பின்சீட்டு. தலைவர் வீட்டுக்குப் போகவில்லை, ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துப் போகவில்லை. மலித்தா வீட்டு வாசலில் பாய் விரித்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே நாற்காலி தேடப் போனாள். நான் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ சிஸ்டர், கீழயா உக்காருறீங்க? பாக்கறவங்க என்னைத்தான் ஏசுவாங்க."

"ஏசட்டும். எனக்கும் கொஞ்சம் கடலை போடு, எலூபி அம்மா." ஊரில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இரண்டு பேரும் உரித்தோம். மழை, சோள விலை, பாதிரியாரின் புது மோட்டார் சைக்கிள் என்று பேச்சு போனது. பிறகு நான் கேட்டே விட்டேன்.

"ஜனவரில பாலமே இல்லையேம்மா."

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அட ஆமா! அதை யாருமே யோசிக்கல. முன்னாடியே தோணியிருந்தா நான் மட்டும் மரத்தடின்னு சொல்லியிருப்பேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. இப்படியே சிரித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஆட்டுக்குப் பயந்துதானே?"

"பின்ன? ஆடு என்ன, வேலியில காய்க்குதா?"

"சரி. ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தா ஆடும் இல்ல, பாலமும் இல்ல. ஒன்றரை மணி நேர நடை. மத்த எதுக்கும் வர்றீங்க, காய்ச்சலுக்கு வர்றீங்க, ஊசிக்கு வர்றீங்க. இதுக்கு மட்டும் ஏன் வர்றதில்ல?"

அவள் பத்துப் பன்னிரண்டு கடலை உரித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நிஜமாவே உங்களுக்கு என்னை ஞாபகம் இல்லையா சிஸ்டர்?"

"ஏன், ஆகஸ்ட்ல பேட்டி எடுத்தேனே..."

"அது இல்ல. எலூபி. எம் மூத்தவ. அவளுக்குப் பதினோரு வயசு. உங்க கையிலதான் பொறந்தா."

அவளை நான் எலூபி அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எலூபி யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"பொறந்து அரை மணி நேரம் இருக்கும்," என்றாள். கோபமே இல்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். "கட்டில்லேர்ந்து எறங்கினேன். தரையில ரத்தம் சொட்டிருச்சு. நீங்க வாளியும் துணியும் கொண்டாந்து முன்னாடி வச்சீங்க. 'உன் அழுக்கை நீயே தொடை. இங்க உனக்கு யாரு வேலைக்காரி?'ன்னீங்க. எலூபிய ஒரு கையில புடிச்சிட்டு மண்டி போட்டுத் தொடைச்சேன். எனக்கு அப்ப பதினேழு வயசு."

இல்லை, நான் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த வாளி ஞாபகம் வந்துவிட்டது. நீல வாளி, பிடி உடைந்து கம்பி கட்டியது. துப்புரவுக்காரர் நின்றுபோய் எட்டு மாதமாக ஆள் போடவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தோம். செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் செய்தோம். வாளி எனக்கு ஞாபகம் இருந்தது, அந்தப் பெண்ணின் முகம் இல்லை. ஒரு முகம்கூட இல்லை.

"உங்களை மட்டும் சொல்லல," என்றாள் மலித்தா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "அங்க எல்லாரும் அப்படித்தான். சிலர் தொடையில அடிப்பாங்க, நீங்க அடிக்கல. ஆனா நாற்காலியில வந்து உக்காந்தது நீங்கதானே. 'ஏம்மா ஆஸ்பத்திரிக்கு வரல?'ன்னு நீங்களே வந்து கேட்டா, நாங்க என்னத்த சொல்றது? பாலம்னு சொன்னோம். நீங்க போற வரைக்கும் பாலம்னே சொல்லுவோம்னு பேசி வச்சுக்கிட்டோம்."

"மன்னிச்சிடும்மா" என்றேன். எவ்வளவு சின்னச் சொல் அது. அவள் "பரவால்ல சிஸ்டர்" என்று சொல்லி உள்ளே போய் ஒரு குவளை தோப்வா ஊற்றிக்கொண்டு வந்தாள். அந்த இனிப்புக் கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

கிளம்பும்போது கேட்டேன். "இதை எழுதலாமா?"

"எழுதுங்க. பேரு வேணாம், ஊரு வேணாம். அந்தப் பாலம் வேணவே வேணாம். பாலம்னு ஒரு வார்த்தை வந்தாலும் தலைவர் கண்டுபிடிச்சிடுவாரு. பதினேழு ஆடு சிஸ்டர்."

(அவளுக்குக் கொடுத்த வாக்கை இங்கேயும் காப்பாற்றியிருக்கிறேன். ஊர் அது இல்லை. நான் பாலம் என்று எழுதியிருப்பதும் பாலம் இல்லை, வேறொன்று.)

புதன்கிழமை முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று காட்ட என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தப் பாலம். அதை எடுத்துவிட்டால் கையில் ஒன்றுமில்லை. அதை வைத்தால் பதினேழு வீட்டுக்குத் தலைவரின் ஆள் போவான்.

"அக்கா, 'தூரம்'னே கொடுத்துடுங்க," என்றான் லுசுங்கு. இந்த முறை அவன் கெஞ்சினான். "அதுவும் பொய் இல்லையே, ஆஸ்பத்திரி தூரம்தானே. பட்டத்தை வாங்கிட்டு அப்புறம் உண்மைய எழுதுங்க. யாரு தடுக்கப் போறா? இப்ப எழுதினா உண்மையும் நிக்காது, நீங்களும் நிக்க மாட்டீங்க."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. வியாழக்கிழமை மதியத்துக்குள் 'தூரம்' அத்தியாயத்தை முடித்தேன். முப்பத்தோரு பக்கம், அட்டவணை நாலு. நன்றாகவே வந்திருந்தது. அச்செடுக்கும் முன்னால் ஒரு முறை படித்தேன். ஆய்வாளர் பற்றிய பத்தியில் இப்படி இருந்தது: 'ஆய்வாளர் முன்பு இப்பகுதியில் செவிலியராகப் பணியாற்றியவர் என்பதால் பெண்களின் நம்பிக்கையை எளிதில் பெற முடிந்தது.'

அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. நான் நல்லவள் என்பதற்காகச் சொல்லவில்லை. மலித்தா அதைப் படித்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள் என்று தோன்றியது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது. அவ்வளவுதான். அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு வேறு நாலு பக்கம் எழுதினேன். யாருடைய பெயரையும் எழுத முடியாது என்றால், எழுதக்கூடிய ஒரே பெயர் என்னுடையது.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் நின்று நாலு பக்கத்தையும் படித்தேன். நீல வாளி, நாற்காலி, நான் சொன்ன அந்த வாக்கியம். இருபத்திரண்டு பேட்டிகளும் எனக்குச் சொல்லப்பட்ட பதில்கள் மட்டுமே, நடந்ததன் பதிவு அல்ல, அதனால் அவற்றைக் கொண்டு எந்த முடிவையும் நான் சொல்லப் போவதில்லை என்றேன்.

குழுத் தலைவராக இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல தரவு எங்கம்மா இருக்கு?"

"நான்தான் சார்."

"ஒரு ஆளா?"

"இப்போதைக்கு ஒரு ஆள்தான்."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு. நாற்பது நிமிடம். உள்ளே குரல்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு. வார்டில் என்னை என்ன சொல்லிக் கேலி செய்வார்கள் என்பதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டேன். கதவு திறந்து டாக்டர் மத்தாயா மட்டும் வந்தார். சாவியை எங்கோ வைத்துவிட்டார் போல, இரண்டு கையும் சும்மா தொங்கின.

"பதிவை ரத்து பண்ணல," என்றார். "ஆறு மாசம். இதுதான் கடைசி. எல்லா பேட்டியும் மறுபடி எடுக்கணும். நீங்க எடுக்கக் கூடாது, நர்ஸ் இல்லாத ஒருத்தர் எடுக்கணும். பகுப்பாய்வு மட்டும் நீங்க."

எனக்கு அழுகை வந்தது. நன்றி சொல்ல எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு வருடத்தில் அவர் உட்கார்ந்து என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"என் ரெண்டாவது பையன்," என்றார், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "நான் அப்ப எம்.ஏ. முடிச்சிருந்தேன். என் வீட்டுக்காரர் கார்ல கொண்டுவந்து விட்டார். அதெல்லாம் கதவு வரைக்கும்தான். எனக்கு வாளி இல்ல. நான் கட்டியிருந்த துணியவே அவிழ்த்துத் தொடைக்கச் சொன்னாங்க. தொடைச்சேன்."

பார்வையைச் சுவரிலிருந்து எடுக்காமல் தொடர்ந்தார்.

"நீங்க ஒவ்வொரு மாசமும் வந்து தூரம், மழைன்னு சொல்லுவீங்க. எனக்குத் தெரியும், அது இல்லன்னு. சொல்லத்தான் நினைப்பேன். ஆனா எதிர்ல உக்காந்திருக்கறது சிஸ்டர். வாய் வராது. நான் டாக்டர் பட்டம் வாங்கி ஒம்பது வருஷம் ஆச்சு, உங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றவ, எனக்கே வாய் வரல."

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன்.

சொன்னார். நான் மூன்று வருடம் வேலை பார்த்த இடம்.

"எந்த வருஷம்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வருடத்தைச் சொன்னார். நான் மடியில் விரல் விட்டு எண்ணினேன். அதற்கு முந்தின வருடமே எனக்கு மாற்றல் ஆகிவிட்டது. அவரைத் துடைக்கச் சொன்னது நான் இல்லை.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். அது அவர் காதில் விழுந்தது.